தாத்தா காலத்து ஒருபக்க ரேசரில் சவரம் செய்வது எப்படி?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறு சந்தை கூடும் நாளில், துணிக்கடைகளைத் தாண்டிக் கொஞ்சம் நடங்கள். பழைய பூட்டு, குழாய்த் திருகு, ஓடாத கைக்கடிகாரம் என்று தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பவர்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து கிளறிப் பாருங்கள். பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிலாவது பழைய ரேசர் ஒன்று தலைகாட்டும். கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், வெறுங்கையோடு திரும்பிய நாட்களே எனக்கு அதிகம். ஆனாலும் இன்று காலை நான் சவரம் செய்துகொண்ட ரேசர் அப்படிக் கிடைத்ததுதான்.

நம் வீடுகளில் 'ஷேவிங் செட்' என்றால் இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடு போடுகிற ரேசர்தான் நினைவுக்கு வரும். கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள பிளேடு போடுகிற ஒருபக்க ரேசர் அதைவிட மூத்தது. நியூயார்க்கில் காம்ஃப் சகோதரர்கள் 1880-லேயே பாதுகாப்பு ரேசருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சவரக்கத்தியின் ஒரு துண்டை வெட்டி, முன்னால் தடுப்பு வைத்துப் பிடி போட்டதுபோல இருக்கும் அது. அந்த வழியில் பிறகு வந்தவைதான் ஜெம், எவர்ரெடி ரேசர்கள்.

இந்த ரேசரை ஏன் தேட வேண்டும்? பிளேடின் தடிமனுக்காக. இருபக்க பிளேடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ஜெம் வகை பிளேடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பக்கவாட்டிலிருந்து தள்ளிப் போடுகிற இன்ஜெக்டர் பிளேடு கால் மில்லிமீட்டர் அளவு. மெல்லிய பிளேடு தடித்த முடியில் மோதும்போது வளைந்து அதிரும். தடித்த பிளேடு அசையாது. மூன்று நாள் தாடியை இழுக்காமல் எடுப்பது அந்த விறைப்புதான். அடர்த்தியான, கம்பிபோன்ற முடி உள்ளவர்கள் ஒரு முறை செய்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

முதல் படி: எது எது என்று அடையாளம் காணுங்கள்

சந்தையில் மூன்று வகை கண்ணில் படலாம்.

ஜெம் குடும்பத்து ரேசருக்குத் தலை பெரியது, பிளேடும் பெரியது. பிளேடின் முதுகில் தகடு மடித்த விளிம்பு இருக்கும். இதில் '1912' என்று அழைக்கப்படும் மாதிரியில் மேல்மூடி கீலில் திறக்கும். 'மைக்ரோமேட்டிக்' மாதிரியில் கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் மூடி மெல்ல எழும்பிச் சாயும்.

இன்ஜெக்டர் ரேசருக்குத் தலை சிறியது, மூடி திறக்காது. பிளேடைப் பக்கவாட்டிலிருந்து தள்ளிவிட வேண்டும். அமெரிக்க ராணுவ அதிகாரியாக இருந்த ஜேக்கப் ஷிக் 1920-களில் கொண்டுவந்த ரேசரிலிருந்து வளர்ந்தது இது. துப்பாக்கியில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதுபோல பிளேடும் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் யோசனை. மின்சார ரேசருக்கும் பிறகு அவரே காப்புரிமை பெற்றார்.

மூன்றாவது, ரோல்ஸ் ரேசர். இங்கிலாந்தில் செய்தது. சாணைக்கல் ஒரு மூடியிலும் தோல் இன்னொரு மூடியிலுமாக, சோப்புப் பெட்டிபோல் இருக்கும். அழகான பொருள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் தொடங்காதீர்கள். கூர் தீட்டுவது தனி வித்தை.

புதியவருக்கு எது நல்லது என்று கேட்டால், மென்மையான தோலுக்கு இன்ஜெக்டர், முரட்டுத் தாடிக்கு ஜெம் என்பேன். இன்ஜெக்டரின் சின்னத் தலை மூக்கின் கீழே சுலபமாக நுழையும். ஜெம் மைக்ரோமேட்டிக் அந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை கேட்கும்.

இரண்டாம் படி: பளபளப்பைப் பார்க்காதீர்கள், பற்களைப் பாருங்கள்

ஜெம் ரேசரின் மூடியைத் திறந்து, செல்பேசி வெளிச்சத்தில் தலையின் முன்பக்க மூலைகளைப் பாருங்கள். இரு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு பல் துருத்திக்கொண்டிருக்கும். பிளேடின் கூர்முனை அந்தப் பற்களில் முட்டித்தான் நிற்கிறது. ஒன்று உடைந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ பிளேடு கோணலாக உட்காரும். ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் கீறும். ரேசர் தங்கம்போல் மின்னினாலும் வாங்காதீர்கள். பின்னால், பிளேடை முன்தள்ளுகிற வில் விறைப்பாக இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

நான் முதலில் வாங்கிய எவர்ரெடியில் முலாம் அப்படியே இருந்தது. அந்தப் பளபளப்பில் மயங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வலப்பக்கத்துப் பல் அரிசிக் குருணை அளவுக்கு மழுங்கியிருந்ததைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் காலை தாடையோரம் நீளமாக ஒரு கீறல். ஏன் என்று விளங்க ஒரு வாரம் ஆனது.

இன்ஜெக்டரில் பார்க்க வேண்டியது, பிளேடை அழுத்திப் பிடிக்கும் பட்டை வில். அது தளர்ந்திருந்தால் பிளேடு ஆடும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கவலை வேண்டாம், கழுவினால் போய்விடும். முலாம் உரிந்து சொரசொரப்பான இடம் முகத்தில் படும் பக்கத்தில் இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று. ரேசரை வாங்கும் முன்பே பிளேடுக்கு வழி செய்துகொள்ளுங்கள். இந்த பிளேடுகளை நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை. இணையத்தில் வரவழைக்கலாம். புதுச்சேரிக்காரர்கள் பலருக்கு பிரான்சில் உறவுகள் உண்டு, வரும்போது வாங்கிவரச் சொல்லலாம். விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெட்டியில் போட்டு ஏற்றிவிடச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் பெயின்ட் சுரண்ட விற்கும் ஒருபக்க பிளேடு பார்வைக்கு ஜெம் பிளேடுபோலவே இருக்கும். அதை முகத்தில் வைக்கவே கூடாது.

மூன்றாம் படி: கழுவுங்கள், ஆனால் புளி வேண்டாம்

பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும். இந்த ரேசர்களில் பெரும்பாலானவை பித்தளையின்மேல் நிக்கல் அல்லது தங்க முலாம் பூசியவை. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் அந்த முலாம் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு பழைய பல்துலக்கி கொண்டு, இடுக்குகளில் எவருடையதோ உறைந்து கிடக்கும் சோப்பைத் தேய்த்து எடுங்கள். கொதிக்க வைக்காதீர்கள். இன்ஜெக்டர்களின் கைப்பிடி பல நேரம் பிளாஸ்டிக், வெடித்துவிடும். நன்றாக உலர்ந்ததும் மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டால் தலைப்பகுதியை நனைத்துக் காயவிடுங்கள்.

நான்காம் படி: பிளேடு போடுவது

ஜெம்மில் எளிது. மூடியைத் திற, மடித்த முதுகு பின்னாலும் கூர்முனை தடுப்புப் பக்கமும் இருக்கும்படி வை, மூடு. பிறகு முன்பக்கத்திலிருந்து பார்த்து, கூர்முனை இரு பற்களையும் தொடுகிறதா என்று சரிபாருங்கள். இருபக்க பிளேடை இரண்டாக உடைத்து இதில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குத் தடித்த முதுகு இல்லை, வில்லின் பிடியில் நிற்காது.

இன்ஜெக்டரில் பிளேடுகள் ஒரு சின்ன உலோக உறையில் வரும். உறையின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுதான் சாவி. அதை ரேசர் தலையின் ஓரத்துத் துளையில் முழுதாகச் செருகுங்கள். ரேசரை ஒரு காகிதத்தின்மேல் பிடித்துக்கொண்டு உறையின் தள்ளுகட்டையை ஒரே மூச்சில் கடைசிவரை தள்ளுங்கள். புது பிளேடு உள்ளே போகும்போது பழையது மறுபக்கம் வெளியே விழும். விரலால் பிடிக்கப் போகாதீர்கள். தள்ளுகட்டையைப் பின்னால் இழுத்த பிறகே சாவியை உருவுங்கள். புது பிளேடில் எண்ணெய் இருக்கும், வெந்நீரில் ஒரு முறை அலசிவிடுங்கள்.

ஐந்தாம் படி: முகமும் நுரையும்

குளித்த பிறகு செய்யுங்கள். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால்போல் மிதக்கும். கடலோரத்தில் குடியிருக்கும் பலருக்கும் இதே பாடுதான். நுரைக்கு மட்டும் ஒரு டம்ளர் குடிநீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றி, தயிர்போல் கெட்டியாகவும் ஈரமாகவும் வரும்வரை தேயுங்கள். காய்ந்த நுரை வழுக்காது.

நுரை பூசும் முன்பே, காய்ந்த முகத்தில் விரலை ஓடவிட்டு முடி எந்தத் திசையில் வளர்கிறது என்று பார்த்துவிடுங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கும் சுழி உண்டு.

ஆறாம் படி: படிய வை, அழுத்தாதே

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

இருபக்க ரேசரில் நாம் கைப்பிடியைச் சாய்த்துச் சாய்த்துக் கோணம் தேடுவோம். இங்கே தேட வேண்டாம். ரேசர் தலையின் தட்டைப் பரப்பை முழுதாகக் கன்னத்தில் படிய வையுங்கள். அப்போது கைப்பிடி எங்கே வந்து நிற்கிறதோ அதுதான் கோணம். ஜெம் ரேசரில் கைப்பிடி முகத்தைவிட்டு வெகுவாக விலகி நிற்கும். முதல் நாள் தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்று தோன்றும். தப்பில்லை. பழைய பழக்கத்தில் கைப்பிடியைக் கீழே இறக்கினால், பிளேடு வெட்டுவதற்குப் பதில் சுரண்டும், மறுநாள் கழுத்தெல்லாம் எரியும்.

இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். ரேசரின் எடை மட்டும் இறங்கட்டும். ஓர் அங்குலம், அலசல், மறுபடி ஓர் அங்குலம். மாதக்கணக்கில் கார்ட்ரிட்ஜ் ரேசரை அழுத்தி இழுத்துப் பழகிய கைக்கு இது கடினம்தான். கைப்பிடியின் கடைசி முனையை மூன்று விரலால் மட்டும் பிடித்துப் பாருங்கள். அழுத்த நினைத்தாலும் முடியாது.

காதையும் திறந்து வையுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு, கன்னத்தில் முதல் இழுப்பு. காய்ந்த தென்னோலையை நகத்தால் வருடியதுபோல் சரசரவென்று ஒரு ஒலி எழும். தடித்த பிளேடு முடியை வெட்டும் ஒலி அது. கோணம் பிசகினால் ஒலி மங்கும். மங்கிய இடத்தில் கையை நிறுத்தித் தலையை மறுபடி படிய வையுங்கள். கண்ணாடியைவிடக் காதுதான் இந்த ரேசரை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் வாரம் முடி வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று. மிச்சம் இருந்தால் இருக்கட்டும். இரண்டாம் வாரம் மறுபடி நுரை பூசிக் குறுக்கே ஒரு சுற்று. எதிர்த்திசையில் போவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு

தண்ணீரில் கழுவி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய படிகாரக் கட்டியை ஈரமுகத்தில் தடவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம் விட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு.

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ரேசரைக் குளியலறையில் விட்டுவிட்டு வராதீர்கள். உதறி, துண்டில் ஒற்றி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். ஜெம்மில் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் உள்ளே ஈரம் நிற்காது. பிளேடின் கூர்முனையைத் துணியால் துடைக்கக் கூடாது. எனக்கு ஒரு பிளேடு ஐந்தாறு சவரத்துக்கு வருகிறது. இழுக்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுவேன்.

கழித்த பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். பல இன்ஜெக்டர் உறைகளின் பின்புறம் பழைய பிளேடுக்கென்றே ஒரு பிளவு இருக்கும். ஜெம் பிளேடுக்கு, பால்பவுடர் டப்பாவின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு மூடியை டேப்பால் ஒட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்குக் குப்பை எடுக்க வரும் அம்மா வெறுங்கையால்தான் பையை அழுத்திக் கட்டுகிறார்.