ரிசார்ட்டில் ஆட்டம் பாட்டம்: புதுச்சேரி, கடலூர் கடற்கரையில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

காலை 7 மணிக்கு யோகா, 11 மணிக்கு நீச்சல்குள விளையாட்டு, 3 மணிக்கு பீச் வாலிபால், 6 மணிக்கு சன்செட் டீ, 8 மணிக்கு டிஜே. புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் எந்தக் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போனாலும் ரிசப்ஷன் ஓரமாக ஏறக்குறைய இப்படி ஒரு போர்டு நிற்கும். பாதி நிகழ்ச்சிகளுக்கு ஆள் வராது. "கெஸ்ட்டுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்று ஆக்டிவிட்டி டீம் சொல்லும். நான் பார்த்த வரை ஆர்வம் நிறையவே இருக்கிறது, நேரம்தான் பொருந்துவதில்லை. இந்தக் கரையில் வெயில், காற்று, கடல் மூன்றுக்கும் தனித்தனி நேரக்கணக்கு உண்டு. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் குடும்பத்துக்கு இன்னொரு கணக்கு. இவற்றைப் பார்க்காமல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பட்டியல்தான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

அந்த "சன்செட் டீ"யையே எடுத்துக்கொள்வோம். நமக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் மறைவது தென்னந்தோப்புக்கும் ஈ.சி.ஆர். ரோட்டுக்கும் பின்னால். கோவாவிலும் கேரளத்துக் கோவளத்திலும் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வரும் விருந்தினர், கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் இருட்டுவதைக் கண்டு ஏமாந்து எழுந்து போவார். நம் கரையின் சொத்து விடியல். மே மாதக் கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கெல்லாம் எழுந்துவிடும், ஜனவரி நடுவில் ஆறரை ஆகிவிடும். ஆண்டு முழுக்க "காலை 6 மணி சூரிய உதயம்" என்று ஒரே போர்டு வைத்தால் கோடையில் தாமதம், தை மாதத்தில் அரை மணி நேரக் கொட்டாவி.

இதைவிடப் பெரிய சொத்து ஒன்றை நாம் வீணடிக்கிறோம். பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தை ஒட்டியே நிலா கடலுக்குள்ளிருந்து மேலே வரும். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு அந்த மாலைக் காட்சி கிடையாது. அன்று டிஜேவை நிறுத்திவிட்டு, புல்தரையில் பாய் விரித்து, புளிசாதமும் தயிர்சாதமும் அப்பளமுமாக நிலாச்சோறு போடலாம். சமையலறைக்குக் கூடுதல் செலவு எதுவும் வராது. அடுத்த நாள் நிலா ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும், அதற்கடுத்த நாள் இன்னும் தாமதமாக. பஞ்சாங்கம் பார்த்து நேரத்தை மாற்றாமல், முழு வாரத்துக்கும் "மூன்லைட் டின்னர்" என்று விற்றால் மூன்றாம் நாளே குட்டு வெளிப்படும்.

மூன்று மணி வாலிபால் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர் யாரும் அதைப் போர்டில் எழுத மாட்டார். மதியத்தில் கடற்காற்று வீசத்தான் செய்யும், ஆனால் மணல் ஆறுவது ஐந்து மணிக்கு மேல்தான். இன்னொன்றும் இருக்கிறது. துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு புதுச்சேரிக்கு வடக்கே கரை அரித்துப்போன கதை எல்லாருக்கும் தெரியும். மற்ற இடங்களிலும் பருவத்துக்குப் பருவம் மணல் கூடும், குறையும். பங்குனியில் வலை கட்டி ஆடிய இடம் கார்த்திகையில் அலைக்குள் இருக்கலாம். மைதானத்தை நிரந்தரம் என்று நம்பிக் கம்பம் நட வேண்டாம்.

கடல் விஷயத்தில் செய்யும் தவறுகள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற தவறுகளால் விருந்தினருக்கு முகம் சுளிக்கும், இதில் உயிர் போகும்.

கடலில் இறங்குகிறவர் கண்ணுக்கு அலை உடையும் இடம் பயமாகத் தெரியும். பக்கத்திலேயே அலை உடையாமல், தண்ணீர் அமைதியாகத் தெரியும் ஒரு சந்து இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கேதான் போவார். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழியே அந்தச் சந்துதான் என்பது அவருக்குத் தெரியாது. இழுக்கும்போது கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுவார், களைப்பார், மூழ்குவார். செய்ய வேண்டியது, இழுப்போடு மல்லுக்கட்டாமல் மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்பது. நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு கரை திரும்புவது. இதைச் செக்-இன் நேரத்தில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பெரும்பாலான இடங்களில் சொல்வதில்லை. "முதல்லயே பயமுறுத்தக் கூடாது" என்பது நிர்வாகத்தின் வாதம். எனக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகவே படுகிறது.

சொல்லும் ஆள் மீனவக் குப்பத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அன்று நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தினமும் கடலைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரைச் சம்பளத்துக்கு, முறையான உயிர்காக்கும் பயிற்சி கொடுத்து வையுங்கள். சீசனுக்குச் சீசன் "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் நல்லதல்ல. அதே அண்ணனின் ஃபைபர் படகில் விருந்தினரை ஏற்றி "டால்பின் ரைடு" அனுப்புவது அடுத்த தவறு. மீன்பிடிப் படகு மீன்பிடிக்க மட்டும்தான். உரிமம், லைஃப் ஜாக்கெட், இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லாமல் ஏற்றி, ஏதாவது ஆனால் படகுக்காரர் தலையில் எல்லாம் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் பார்பிக்யூ போர்டு எழுதுபவர் நினைவில் வைக்க வேண்டும். பெரிய படகுகள் கட்டிக் கிடக்கும் மாதத்தில் "இன்று பிடித்த வஞ்சிரம்" என்று எழுதினால், உள்ளூர்க்காரர் யாராவது விருந்தினராக வந்திருந்தால் சிரிப்பார்.

தண்ணீரோடு மதுவும் சேருவது இந்த ஊரின் தனிப் பிரச்சினை. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் நண்பர் கூட்டத்தில் ஒரு பகுதி எதற்காகப் புதுச்சேரிக்கு வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதில் தப்பு சொல்ல நான் யார்? ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீச்சல்குளத்தில் போட்டி வைப்பது தெரிந்தே செய்யும் தப்பு. நீர் விளையாட்டெல்லாம் பன்னிரண்டு மணிக்குள் முடிய வேண்டும். அப்புறம் வருகிறவரைத் தடுக்கும்போது சட்டம் பேசினால் சண்டை வரும். மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். "சார், இப்ப பூல்ல கிளீனிங் ஓடுது. கேரம் போர்டு போட்டாச்சு, நாலு பேருக்கு ஒரு கை குறையுது, வாங்க" என்றால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். மீதிப் பேருக்கு லைஃப் கார்டு இருக்கவே இருக்கிறார். இருக்கிறாரா என்பதை மேனேஜர் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது, பல இடங்களில் அவரே துண்டு மடித்துக்கொண்டிருப்பார்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் கடலைப் பார்த்து ஃபோகஸ் லைட், மணலில் கேம்ப்ஃபயர் இரண்டும் வேண்டாம். வெளிச்சம் ஆமையை விரட்டும், பொரித்த குஞ்சைக் கடலை விட்டுத் திசைதிருப்பும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள உயிரினம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மைக் பிடித்தவர் செய்யும் தவறுகள்

"அங்க ப்ளூ சட்டை சார், மேல வாங்க! எல்லாரும் கை தட்டுங்க!" இந்த அழைப்பில் பாதி மிரட்டல் இருக்கிறது. ப்ளூ சட்டை சார் வருவார், இடுப்பில் பலூன் கட்டி ஆடுவார், மறுநாள் அந்தப் பக்கமே வர மாட்டார். புதுமணத் தம்பதியை மேடையேற்றி, மாமியார் மாமனார் முன்னிலையில் நெருக்கமான விளையாட்டுகள் வைப்பது அதைவிட மோசம். மறுக்க வழி இருக்க வேண்டும், மறுத்தவரைப் பற்றி மைக்கில் ஒரு சொல்லும் வரக் கூடாது.

தமிழ்க் குடும்பம் ஊர் சுற்ற வந்தால் பாட்டியும் வருவார். நம் போர்டுகளில் அவருக்கென்று எதுவுமே கிடையாது. அறையில் டிவி பார்ப்பார் அல்லது எல்லாருடைய செருப்புக்கும் காவல் இருப்பார். அவர் கைக்கு எட்டும் உயரத்தில் மேஜை போட்டு, சாய்மானம் உள்ள நாற்காலி வைத்து, பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் வையுங்கள். பதினாலு குழி, ஆளுக்கு ஏழு. விதி ஊருக்கு ஊர் மாறும், அதனால் நீங்கள் சொல்லித்தர முந்த வேண்டாம். "உங்க ஊர்ல எப்படிம்மா ஆடுவீங்க?" என்று கேட்டுவிட்டு ஒதுங்குங்கள். அரை மணி நேரத்தில் பேரன் பேத்தியோடு, பக்கத்து அறைக் குழந்தையும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் இதையே "வில்லேஜ் தீம்" ஆக்கி, ஊழியருக்கெல்லாம் தலைப்பாகை கட்டி, மாட்டுவண்டிச் சக்கரத்தை நட்டு வைத்தால் விளையாட்டு போய் ஃபோட்டோ மட்டும் மிஞ்சும். உறியடி வைப்பதானால் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பு சுழற்றுபவருக்குப் பானை எது, வேடிக்கை பார்ப்பவர் மண்டை எது என்று தெரியாது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு விளையாட்டை ரிசார்ட்டுகள் கண்டுகொள்ளாதது எனக்கு ஆச்சரியம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெதாங்க்கை இன்றும் இங்கே ஆடுகிறார்கள். மரநிழலில் கெட்டியான மண்தரை போதும். சின்ன மரக்குண்டை ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் எறிந்துவிட்டு, இரும்புக் குண்டுகளை அதற்கு மிக அருகில் யார் போடுகிறார் என்று பார்ப்பது. ஓட வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், எழுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் எதிரெதிர் அணியில் நிற்கலாம். மதியம் மூன்று மணிக்கு இதைப் போடுங்கள். குண்டு ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் கிலோ கனக்கும், அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் குண்டு.

பிள்ளைகள் என்றதும் ஞாபகம் வருவது: கிட்ஸ் கிளப்பில் விடும்போது பெற்றோர் பெயர், அறை எண், செல் நம்பர், எந்த உணவு ஒத்துக்கொள்ளாது, திரும்ப யார் வந்து அழைத்துப் போவார் என்பதை எழுதி வாங்க வேண்டும். ஒரு பிள்ளையோடு ஒரே ஒரு ஊழியர் தனியாக இருக்கும் நிலை வரக் கூடாது. பெற்றோரைக் கேட்காமல் பிள்ளையின் படத்தை ரிசார்ட்டின் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. இவற்றில் விவாதத்துக்கு இடமில்லை.

வெளியே அழைத்துப் போகும்போது

பிச்சாவரம் எல்லார் பட்டியலிலும் உண்டு. புதுச்சேரியிலிருந்து போக மட்டும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். பத்து மணிக்குச் சாவகாசமாக டிபன் முடித்துக் கிளம்பினால் உச்சிவெயிலில் திறந்த நீரில் இருப்பீர்கள். விடியற்காலையில் கிளம்பி, டிபனைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவதுதான் சரி. அப்புறம், நேரம் மிச்சம் என்று மோட்டார் படகு எடுத்துவிடாதீர்கள். சுரபுன்னைக் காட்டின் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழைவது துடுப்புப் படகுதான், வந்த காரியமே அதுதானே? சுண்ணாம்பாற்றில் பாரடைஸ் பீச்சுக்குப் போகும் படகில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாரநாள் காலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரோவில் மாத்ரிமந்திருக்குள் அமர முன்பதிவு வேண்டும். அது தியானத்துக்கான இடம், "சைட் சீயிங்" பட்டியலில் நாலாவதாகச் சொருகி இருபது நிமிடத்தில் முடிக்கும் இடம் அல்ல.

உள்ளூர் நாட்காட்டி தெரியாமல் திட்டம் போடுவதும் நடக்கிறது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்ச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள். அன்று நகரச் சுற்றுலா வைத்தால் வேன் நகராது. விஷயத்தை முன்பே சொல்லி, விருப்பமுள்ளவர்களை விடிகாலையிலேயே அழைத்துப் போனால், ரிசார்ட்டால் ஏற்பாடு செய்யவே முடியாத ஒன்றை அவர்கள் பார்ப்பார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு மாற்றுத் திட்டம் இல்லாமல் இருப்பதை என்னவென்று சொல்வது? 2011 டிசம்பர் 30 தானே புயலை விடுங்கள், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் கரை கடந்ததே ஒரு சனிக்கிழமை இரவில்தான். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த அளவு மழைக்கு ஆக்டிவிட்டி கிடையாது, பாதுகாப்பு மட்டும்தான். முன்னறிவிப்பு வந்ததும் போன் போட்டு, தேதி மாற்றிக்கொள்ளச் சொல்வதே விருந்தோம்பல். சாதாரண மழைநாளுக்குக் கரோக்கே மட்டும் போதாது. வில்லியனூர் சுடுமண் கலைஞரையோ திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மை செய்பவரையோ முன்கூட்டியே பேசி வையுங்கள், போக்குவரத்தோடு சேர்த்துச் சரியான கூலி கொடுங்கள். "உங்களுக்கு விளம்பரம்தானே" என்று இலவசமாகக் கூப்பிடும் பழக்கம் அசிங்கம்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவது சட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் விடியற்காலையில் கடலுக்குப் போக வேண்டியவர்கள் தூங்குகிறார்கள்.

கடைசியாக ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு அறை காலி செய்ய வேண்டிய குடும்பத்துக்கு பத்து மணிக்குப் புதையல் வேட்டை வைப்பார்கள். தாய் துணி மடிப்பார், தகப்பன் பில் பார்ப்பார், பிள்ளை அழும். அன்று காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, வந்தால் ஆடலாம் போனால் போகலாம் என்கிற மாதிரி ஏதாவது மட்டும் போதும். பெட்டியை வைக்க ஒரு அறையும், குளிக்க ஒரு குளியலறையும் கொடுத்துவிட்டால் மதியம் வரை அவர்களே பெதாங்க் குண்டை உருட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி நின்றவர்களின் எண்ணிக்கையை ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டில் எழுத இன்றைக்கு எந்த ரிசார்ட்டிலும் கட்டம் இல்லை. ஒன்று போடச் சொல்லுங்கள்.