பிரிட்டனில் துணை ஒப்பந்தக்காரர் பயணச் செலவைக் கணக்கில் காட்டும் முறை

பிரிட்டனில் பெயின்டிங், பிளாஸ்டரிங், செங்கல் வேலை ஆகியவற்றை ஒப்பந்ததாரரிடம் எடுத்துச் சொந்தக் கணக்கில் செய்பவருக்கு, கூலி கைக்கு வரும் முன்பே சிஐஎஸ் என்னும் கட்டுமானத் தொழில் திட்டத்தின்படி வரி பிடிக்கப்படுகிறது. வருமான வரித்துறையான எச்எம்ஆர்சியில் இத்திட்டத்துக்குப் பதிந்தவருக்கு 20 சதவீதமும் பதியாதவருக்கு 30 சதவீதமும் பிடிப்பார்கள். ஆகவே யுடிஆர் எனப்படும் வரி செலுத்துவோர் அடையாள எண் கிடைத்தவுடன் பதிந்துகொள்ள வேண்டும்.

இன்வாய்ஸ் எழுதும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். நீங்கள் விலை கொடுத்து வாங்கிய பொருள்களுக்கு வரி பிடிக்கக் கூடாது என்பதால், அவற்றைத் தனி வரிசையில் காட்டி ரசீதுகளை இணையுங்கள். ஆனால் வேலையிடத்துக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு பொருள் கணக்கில் சேராது. கூலி 700, பொருள் 250, பயணம் 50 என 1,000 பவுண்டுக்கு இன்வாய்ஸ் கொடுத்தால், பதிந்தவரிடம் 750 பவுண்டின் மீது 150 பவுண்டு பிடிப்பார்கள். பதியாதவருக்கு அதுவே 225 ஆகிவிடும்.

இந்தப் பயணச் செலவை ஆண்டிறுதி வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் எல்லாப் பயணத்துக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. வீட்டிலிருந்து நிரந்தரமான ஒரே வேலையிடத்துக்குப் போய்வருவது சொந்தப் பயணமாகவே கருதப்படும். கருவிகளையும் கணக்குகளையும் வீட்டில் வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்கொரு முறை இடம் மாறி வேலை செய்பவரின் நிலை வேறு: ஈஸ்ட்போர்னைச் சேர்ந்த ஹார்ட்டன் என்ற கொத்தனாரின் வழக்கில், அவருடைய வீடே தொழிலின் மையம் என்று கொண்டு, அங்கிருந்து வேலையிடங்களுக்குச் சென்ற செலவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் ஏற்றுக்கொண்டது. ஓரிடத்தில் 24 மாதத்துக்கு மேல் வேலை நீடித்தால் அங்கு போய்வரும் செலவைக் கழிக்க முடியாது என்று வேலையிடங்களில் அடிக்கடி பேசப்படும் ‘24 மாத விதி’ சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கானது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

செலவைக் கணக்கிட எளிய வழி மைல் கணக்கு. 2025-26 வரியாண்டில் கார், வேன்களுக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். 12,000 மைல் ஓடியவர் 5,000 பவுண்டு கழிக்கலாம். இந்த வீதத்திலேயே பெட்ரோல், பழுதுபார்ப்பு, காப்புறுதி எல்லாம் அடங்கிவிடுவதால், அவற்றின் ரசீதுகளைத் தனியாகச் சேர்க்க முடியாது. ஒரு வண்டிக்கு இம்முறையைத் தேர்ந்தெடுத்தபின், அந்த வண்டி இருக்கும்வரை மாற்றவும் முடியாது. வேனில் ஒரு சிறு நோட்டு வைத்து, தேதி, வேலையிடத்தின் போஸ்ட்கோடு, மைல் மீட்டரின் தொடக்க, முடிவு எண்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவிடுங்கள். ஜனவரியில் நினைவிலிருந்து எழுதும் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வரி மாதமும் 5ஆம் தேதி முடிகிறது. அதிலிருந்து 14 நாள்களுக்குள், எவ்வளவு வரி பிடித்தார் என்று காட்டும் பிடித்தப் பத்திரத்தை ஒப்பந்ததாரர் தர வேண்டும். வரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். ஏப்ரல் 5இல் ஆண்டு முடிந்தபின், அடுத்த ஜனவரி 31க்குள் இணையவழிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, வரவுப் பெட்டியில் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையையும், சிஐஎஸ் பெட்டியில் பிடித்த தொகையையும் எழுத வேண்டும். கைக்கு வந்ததை மட்டும் வரவாக எழுதுவது தவறு. கட்ட வேண்டிய வரியைவிடப் பிடித்தது அதிகமென்றால், மிகுதி திரும்பக் கிடைக்கும்.