பீப் சைட்டைக் குறை சொல்வதற்கு முன்: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குச் சைட் வாங்குவதும் பராமரிப்பதும்

ஏர் ரைஃபிள் சுட ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும், பெல்லட் (ஈயக் குண்டு) ஒரே இடத்தில் விழாமல் சிதறுவதற்குக் காரணம் குறிபார்க்கும் சைட்தான் என்று. எனக்கும் வந்தது. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடன் வாங்கி ஒரு புது ரியர் சைட் (கண்ணுக்குப் பக்கத்தில், பின்னால் இருப்பது) மாட்டினேன். ஸ்கோர் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. கோளாறு சைட்டில் இல்லை, அதற்குப் பின்னால் நான் தலையை வைக்கும் இடத்தில் இருக்கிறது என்று புரிய இன்னும் நாலு மாதம் ஆனது. அதனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

10 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப் கிடையாது, சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் அமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்பின் விதி விடாது. பின்னால் ஒரு சின்ன ஓட்டை (இதுதான் பீப்), முன்னால் குழாய்க்குள் ஒரு வளையம் (இது ஃப்ரண்ட் சைட்), அவ்வளவுதான். டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்துக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், பேனா முனையை லேசாக வைத்து எடுத்தால் விழுமே அந்த அளவு. அது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம்: பீப் ஓட்டை, அதற்குள் ஃப்ரண்ட் சைட் குழாய், அதற்குள் வளையம், அதற்குள் கறுப்பு. நாலும் ஒரே மையத்தில் நிற்க வேண்டும், கண்ணின் ஃபோகஸ் வளையத்தின் மேல் இருக்க வேண்டும். கறுப்பு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது அப்படித்தான் தெரியும்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். ரைஃபிளில் பெல்லட் இல்லை என்று பார்த்து, அதைக் காட்டும் சேஃப்டி ஃப்ளாக் போட்டுக்கொண்டு (சைட்டில் கை வைக்கும்போதெல்லாம் இது கட்டாயம்), கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்து, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறங்கள். பீப் ஓட்டைக்கும் குழாய்க்கும் நடுவே தெரியும் வெளிச்ச வளையம் சுற்றிலும் ஒரே அகலமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், கழுத்தை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். கன்னத்தைச் சாய்க்கும் சீக் பீஸைத்தான் ஏற்றவோ இறக்கவோ நகர்த்தவோ வேண்டும். கழுத்து நீளமானவர்கள் எவ்வளவு ஏற்றியும் குனியவேண்டி வந்தால் சைட்டுக்கு அடியில் ரைசர் (உயர்த்தும் துண்டு) வைக்கலாம், ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே உயரத்துக்கு. கண்ணுக்கும் பீப்புக்கும் இடையே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். எவ்வளவு என்பதைவிட ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது மாறாமல் இருப்பது முக்கியம்.

இனி வாங்கும் கதை. என்னைக் கேட்டால் முதலில் காசு போட வேண்டியது ஃப்ரண்ட் சைட் வளையங்களுக்கு. ரியர் சைட்டுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தில் கால்வாசிகூட இதன் பக்கம் வருவதில்லை, ஆனால் ஸ்கோர் மாறுவது இங்கேதான். கணக்கு எளிது. கண்ணிலிருந்து வளையம் சுமார் 90 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் 30.5 மில்லிமீட்டர் கறுப்பு, வளையம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 2.75 மில்லிமீட்டராகத்தான் தெரியும். உள்விட்டம் 3.4 மில்லிமீட்டர் உள்ள வளையம் போட்டால் கறுப்பைச் சுற்றி இருக்கும் வெள்ளை பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இருக்காது. துல்லியமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் கை ஆடாத ஆள் யார்? கொஞ்சம் அசைந்தாலும் கறுப்பு வளையத்தை முட்டும், முட்டியதும் மனது பதறும், பதறியதும் விரல் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கும். 4.2 போட்டால் பக்கத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வெள்ளை கிடைக்கும். கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும், அந்த வேலையில் அது கெட்டிக்காரத்தனமானது. புதிதாகச் சுடுகிறவர்கள் 4.0க்குக் கீழே போகவேண்டாம் என்பது என் கருத்து. நாலைந்து அளவு உள்ள செட்டாகவோ, அளவை மாற்றக்கூடிய ஐரிஸ் வளையமாகவோ வாங்கி, ஒரே அளவில் ஒரு வாரம் சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஷாட்டுக்கு ஷாட் மாற்றினால் எதுவும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: குழாய் 18 மில்லிமீட்டரிலும் வரும், 22 மில்லிமீட்டரிலும் வரும். ஒன்றின் வளையம் மற்றதில் பொருந்தாது. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பின்னால் இருக்கும் ஐரிஸை (பீப் ஓட்டையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள்) சுருக்கினால் காட்சி கூர்மையாகும், ஆனால் இருட்டும். விரித்தால் வெளிச்சம் வரும், விளிம்பு குழையும். ட்யூப் லைட் மங்கிய ரேஞ்சில் ஒரு அளவு, பளிச்சென்ற ரேஞ்சில் வேறு அளவு. கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும்வரை மட்டும் சுருக்குங்கள். சாம்பல் நிறமானால் அளவுக்கு மீறிவிட்டீர்கள். இன்னொரு கண்ணை இறுக்கி மூடாமல், முன்னால் ஒரு வெள்ளைத் தடுப்பு வைத்துத் திறந்தே விடுங்கள் (30 மில்லிமீட்டர் அகலம்வரை விதி அனுமதிக்கிறது). ஏழெட்டு நொடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் பொய் சொல்லும், அதற்குள் ஷாட் விழாவிட்டால் ரைஃபிளை இறக்கிவிடுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையைச் சாய்த்ததும் சாதாரணக் கண்ணாடியின் மூலை வழியாகத்தான் பார்ப்பீர்கள், அங்கே காட்சி கோணும். லென்ஸின் நடு பார்வைக்கு நேராக வரும்படி வைக்க முடிகிற ஷூட்டிங் ஃப்ரேம் இதற்காகவே இருக்கிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு வளையம் மங்கத் தொடங்கும். தூரப் பார்வைப் பவரோடு +0.5 கூட்டினால் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். கண் டாக்டரிடம் போகும்போது வளையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள், அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ரியர் சைட்டை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், ஆனால் சோதிக்காமல் வாங்காதீர்கள். சைட்டுகளுக்கு நடுவே 80 சென்டிமீட்டர் இருந்தால், பின்னால் செய்யும் நகர்வு டார்கெட்டில் பன்னிரண்டரை மடங்காகத் தெரியும். ஒரு க்ளிக்குக்கு (சைட்டின் திருகு ஒரு தடவை ‘க்ளிக்’ என்று திரும்பும் அளவு) 0.02 மில்லிமீட்டர் நகரும் சைட் என்றால் டார்கெட்டில் கால் மில்லிமீட்டர்; பத்து க்ளிக் தட்டினால் ஒரு ரிங், அதாவது ஒரு புள்ளி. திருகில் ஆட்டம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் காற்றோடு போய்விடும். சோதிப்பது இப்படி: ஐந்து ஷாட், நாற்பது க்ளிக் மேலே, ஐந்து ஷாட், நாற்பது வலது, ஐந்து ஷாட், நாற்பது கீழே, ஐந்து ஷாட், நாற்பது இடது, மறுபடி ஐந்து ஷாட். கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

அப்புறம் அந்த எழுத்துக்கள். ஜெர்மன் சைட்டில் H என்றால் மேலே, T என்றால் கீழே. சைட் மேலே போகிறது என்று அர்த்தமா, ஷாட் மேலே விழுந்தால் திருப்பவேண்டிய திசையா? பல சைட்டில் இரண்டாவதுதான் அர்த்தம். நான் ஒரு மாவட்டப் போட்டியில் முதலாவது என்று நினைத்துத் திருப்பிக்கொண்டே போய், ப்ராக்டிஸ் நேரம் முழுவதையும் ஷாட்டைத் தேடியே கழித்தேன். புது சைட் கைக்கு வந்தால் பத்து க்ளிக் திருப்பி, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, செய்யக்கூடாதவைதான் அதிகம். ஐரிஸ் தகடுகளில் எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் விட்டவரை நேரில் பார்த்திருக்கிறேன், தூசி ஒட்டிக்கொண்டு ஐரிஸ் பிசின் மாதிரி ஆகிவிட்டது. கேமராவுக்கு வாங்குவார்களே, காற்றடிக்கும் ரப்பர் பல்பு, அது போதும். பிளாஸ்டிக் வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். சானிட்டைசர், தின்னர், ஸ்பிரிட் வேண்டாம். கொரோனா சமயத்தில் நான் சானிட்டைசர் போட்டுத் துடைத்த வளையம் பனி படிந்தது மாதிரி ஆனது, இன்னும் அப்படியே இருக்கிறது.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வியர்வையும் உப்புக் காற்றும் திருகுகளைத் தின்றுவிடும். சுட்டு முடித்ததும் சைட்டின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏசி ரேஞ்சிலிருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், குளிர்ந்த உலோகத்தில் வேர்த்துவிடும். கால் மணி நேரம் மூடியே இருக்கட்டும். இறுக்கும் திருகுக்குச் சரியான அளவு ஆலன் கீ மட்டும் போடுங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். ரயிலில் போகும்போது நான் ரியர் சைட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைப்பேன். கழற்றுவதற்கு முன் ரைஃபிளில் சைட் மாட்டும் பட்டையில் அது நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, நோட்டில் க்ளிக் எண்ணிக்கை. போய்ச் சேர்ந்து மாட்டினாலும் முதல் பத்து ஷாட்டை அந்தக் கோட்டை நம்பிச் சுடுவதில்லை, குரூப் (ஷாட்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் க்ளிக்கில் கை வைப்பேன்.