முட்டி ஜவ்வு அறுவைக்கு முன் மருத்துவரின் பின்புலத்தை அறிவது எப்படி?

மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கத்துக் கபடிப் போட்டிகளில் ரெய்டு போகும் பையன், ஊன்றிய காலை எடுக்காமல் உடம்பை மட்டும் திருப்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று கேட்டு, சற்று நேரத்தில் முட்டி வீங்கிவிட்டால், முன்புறக் குறுக்கு ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேன் அதை உறுதிசெய்து, அறுவை தேவை என்றும் முடிவானபின், "அந்த டாக்டரும் பழைய பிளேயர்தான்" என்ற சிபாரிசு ஊரில் எளிதாக எடுபடும். நல்ல செய்திதான், ஆனால் அதைக் கடைசியில் கணக்கில் சேர்த்தால் போதும்.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அடுத்து பட்டம். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது, அதற்குமேல் எலும்பு சிகிச்சைக்கான மேற்படிப்பு: எம்.எஸ். ஆர்த்தோ பட்டம் என்றால் 3 ஆண்டுகள், டி.ஆர்த்தோ டிப்ளமோ என்றால் 2 ஆண்டுகள்.

உண்மையில் விசாரிக்க வேண்டியது இதற்கு அடுத்த படியைத்தான். எலும்பு முறிவுக்குத் தகடு வைப்பதில் கைதேர்ந்தவர், நுண்துளை வழியாகக் கேமரா செலுத்தி ஜவ்வைச் சீரமைப்பதிலும் அப்படியே தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் 'ஃபெல்லோஷிப்' (மேற்படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) என்று இருந்தால் அது எத்தனை மாதம், அங்கே தாமே அறுவை செய்தாரா, பக்கத்தில் நின்று பார்த்தாரா என்று பணிவாகக் கேளுங்கள். சில நாள் பயிலரங்குக்கும் ஓராண்டுப் பயிற்சிக்கும் பலகையில் எழுத்தளவு ஒன்றுதான். மாதத்துக்கு எத்தனை ஜவ்வு அறுவை செய்கிறார் என்பதையும் கேட்கலாம். இதற்கு முகம் சுளிப்பவரைவிட, பதில் சொல்பவரே நமக்கு வேண்டும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் விரைவோட்டத்தின் ஐந்து பிரிவுகளிலும் தங்கம் வென்ற அமெரிக்கர் எரிக் ஹைடன், பின்னர் எலும்பு அறுவை மருத்துவரானார். அவர் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவப் பட்டம் பெற்றது 1991இல். அறுவைப் பயிற்சியை அதற்குப் பிறகுதான் முடித்தார். பதக்கம் எந்தப் படியையும் குறைக்கவில்லை. முன்னாள் வீரரின் அனுபவம் கைகொடுப்பது அறுவைக்குப் பிந்தைய மாதங்களில்: தொடைத் தசை இளைத்துப்போன பையனின் அவசரமும் பயமும் அவருக்குத் தெரியும்.

ஆடுகளத்துக்குத் திரும்பப் பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகும். நான்கே மாதத்தில் கோயில் திருவிழா ஆட்டத்தில் இறக்கிவிடலாம் என்று ஒருவர் வாக்களித்தால், அவர் எத்தனை கோப்பை வாங்கியவராக இருந்தாலும், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் இன்னொரு கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.