புதிய டச் ஸ்கிரீனில் பழைய ஸ்டியரிங் பட்டன்களை வேலை செய்ய வைப்பது எப்படி?

காரில் பழைய மியூசிக் செட்டைக் கழற்றிவிட்டு 7 அல்லது 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டுகிறோம். படம் பளிச்சென்று வருகிறது, மேப் வருகிறது, ரிவர்ஸ் கேமரா வருகிறது. ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த சவுண்டு பட்டன்கள் அன்றோடு செத்துப்போகின்றன. "அது இதுல வராதுங்க" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலான கார்களில் வரும். இரண்டு மூன்று வயரும் பொறுமையாக ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று இறங்கும் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 11 மீட்டர் போகிறது. சவுண்டைக் குறைக்க ஸ்கிரீனில் அந்தச் சின்னக் கோட்டைத் தேடி இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 22 மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். எதிரே லோடு லாரி வளைவை அகலமாக எடுத்து வர அந்தத் தூரம் தாராளம். 2022-ல் ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று இதை அளந்தே பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு சாதாரண வேலைகள். பட்டன்கள் மட்டுமே உள்ள 2005 வால்வோ காரில் 10 நொடியில் முடிந்தது, அதற்குள் கார் போனது 306 மீட்டர். டச் ஸ்கிரீன் கார்களில் கடைசியாக வந்தது 1,372 மீட்டர் போயிருந்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பும் 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வைத்துவிட்டது.

அதற்காக ஸ்கிரீனே வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி நிற்கும்போது செய்யும் வேலைகள் ஸ்கிரீனுக்கு, ஓடும்போது செய்யும் வேலைகள் விரலுக்கு. வயரிங் முழுவதையும் இந்தப் பிரிவினையை வைத்தே செய்வோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

செட்டின் பின்பக்க வயர்களில் கீ1, கீ2 என்று இரண்டு இருக்க வேண்டும். ஸ்டியரிங் பட்டன்களுக்கானவை அவைதான். அவை இல்லாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருகும் வால்யூம் குமிழ் உள்ள மாடல் கிடைத்தால், ஸ்கிரீன் இரண்டு இன்ச் குறைந்தாலும் அதையே எடுங்கள். இடது ஓரத்தில் தொடும் குறிகளாக இருக்கும் சவுண்டு, ஹோம் 'பட்டன்கள்' பட்டன் கணக்கில் சேராது. விரல் தடவினால் எது எது என்று தெரியாது, வியர்த்த கையில் சரியாகவும் எடுக்காது.

ஸ்கிரீனைச் சுற்றி டேஷ்போர்டில் பொருந்தும் ஃபிரேமையும் கவனியுங்கள். சில கார்களில் ஹசார்டு பட்டன் பழைய செட்டின் ஃபிரேமிலேயே இருக்கும். புதிய ஃபிரேமில் அதற்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கொடுங்கள். ஏசி குமிழ்களை எடுத்துவிட்டு ஏசியையும் ஸ்கிரீனுக்குள் கொண்டுவரும் ஃபிரேம் வேண்டவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

தேவையானவை: மல்டிமீட்டர், பிளாஸ்டிக் நெம்பி, ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 10 மிமீ ஸ்பேனர், உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் (கார் வயரையும் செட் வயரையும் வெட்டாமல் இணைக்கும் பிளக்), சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய், துணி டேப். கப்ளருக்கு முந்நூறு நானூறு மிச்சம் பிடிக்க காரின் ஒரிஜினல் வயரை வெட்டாதீர்கள். வெட்டினால் பழைய செட்டைத் திரும்ப மாட்டும் வழி போய்விடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் ஆகாது. சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குள் அதன் பசை இளகிக் கழன்றுவிடும்.

படி 1: கழற்றுதல்

சாவியை எடுத்துவிட்டு பேட்டரி மைனஸைக் கழற்றி, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறக் கப்ளர் தென்பட்டால் அது ஏர்பேக்குடையது, தொடக் கூடாது. ஸ்டியரிங்கை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்க வேண்டாம். நமக்கு வேண்டிய வயர் செட்டின் பின்னாலேயே வந்து நிற்கும்.

படி 2: கரண்ட் வயர்கள்

செட் பக்கம் நிறங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான்: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த் (பேட்டரி மைனஸோடு சேர்வது). கார் பக்கம் நிறத்தை நம்பவே கூடாது. பேட்டரியை மறுபடி மாட்டி மீட்டரில் பாருங்கள். சாவி இல்லாதபோதும் 12 காட்டுவது மஞ்சளுக்கு, சாவி திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. பார்த்ததும் மைனஸை மீண்டும் கழற்றிவிட்டு வயர்களைச் சேருங்கள்.

ஆரஞ்சு வயரை பார்க்கிங் லைட் எரிந்தால் கரண்ட் வரும் வயரோடு சேருங்கள். லைட் போட்டதும் ஸ்கிரீன் தானே மங்கும். மலைப்பாதையில் இரவில் முழு வெளிச்சத்தில் எரியும் 9 இன்ச் ஸ்கிரீன் முன் கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும். ஹேண்ட்பிரேக் வயரைச் சும்மா எர்த்தில் சேர்த்து ஓடும்போதே படம் பார்க்க வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹேண்ட்பிரேக் சுவிட்ச் வரை வயரை இழுத்து முறையாகச் சேருங்கள். ஸ்பீக்கர், கேமரா வயர்கள் செட் மேல் ஒட்டியிருக்கும் படத்திலேயே தெளிவாக இருக்கும்.

படி 3: ஸ்டியரிங் வயர்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பட்டனுக்கு ஒரு வயர் என்று பத்து வயர் தேடினால் கிடைக்காது. ஒரே வயர்தான், மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொரு பட்டனும் அந்த வயரை வெவ்வேறு அளவுள்ள ரெசிஸ்டர் (கரண்டை மட்டுப்படுத்தும் சிறு உறுப்பு) வழியாக எர்த்தில் சேர்க்கிறது. செட் தன் பக்கத்திலிருந்து சிறிய வோல்ட் ஒன்றை இன்னொரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கிறது.

மீட்டரை ஓம் (ரெசிஸ்டரின் அளவு) பார்க்கும் நிலையில் வையுங்கள். பழைய செட்டும் புதிய செட்டும் கழன்றிருக்கட்டும், பேட்டரி மைனஸும் கழன்றிருக்கட்டும். ஒரு முனை காரின் எர்த் வயரில், மறு முனை கப்ளரில் சந்தேகப்படும் வயரில். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கட்டும். எந்த வயரில் பட்டனுக்குப் பட்டன் ஓம் மாறுகிறதோ அதுதான் நம் வயர். எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காருக்குக் கார் எண் மாறும். எந்த இரண்டு பட்டனுக்கும் ஒரே எண் வரக் கூடாது, அவ்வளவுதான். சவுண்டு பட்டன்கள் ஒரு வயரிலும் போன் பட்டன்கள் இன்னொரு வயரிலும் வந்தால் முதலாவது கீ1-க்கு, இரண்டாவது கீ2-க்கு.

இப்போது எர்த். பல கார்களில் ஸ்டியரிங் பட்டன்களுக்கென்று தனி எர்த் வயர் அதே கப்ளருக்கு வரும். அதை விட்டுவிட்டு கீ1-ஐ மட்டும் சேர்த்தால் ஒன்றுமே வேலை செய்யாது, அல்லது அரைகுறையாகச் செய்யும். அந்த வயரை செட்டின் கறுப்பு வயரோடு ஒரே இடத்தில் சால்டர் செய்யுங்கள். பக்கத்து ஸ்க்ரூவில் பாடி எர்த் கொடுத்தால் போதாதா என்றால், போதாது. கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டன் 100 ஓம், இன்னொன்று 330 ஓம், செட் 3.3 வோல்ட்டை 10,000 ஓம் வழியாக அனுப்புகிறது என்று வைப்போம். முதல் பட்டனுக்கு 0.03 வோல்ட், இரண்டாவதுக்கு 0.10 வோல்ட் வரும். ஹெட்லைட்டும் பிளோயரும் (ஏசி காற்றைத் தள்ளும் விசிறி) போட்டதும் இரண்டு எர்த்துக்கும் நடுவே 0.05 வோல்ட் வித்தியாசம் வந்தாலே 100 ஓம் பட்டன் 330 போலத் தெரியும். சவுண்டைக் குறைத்தால் பாட்டு மாறும். பகலில் சரி, இரவில் கோளாறு என்று வரும் புகாருக்கு முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

படி 4: செட்டுக்குப் பட்டனைக் கற்றுக்கொடுத்தல்

செட்டையும் பேட்டரி மைனஸையும் மாட்டிவிட்டு, செட்டிங்ஸில் ஸ்டியரிங் படம் போட்ட மெனுவைத் திறங்கள். இன்ஜின் ஓடட்டும், ஏனென்றால் நீங்கள் பயன்படுத்தப்போவதும் அந்த நிலையில்தான். பழைய பதிவு இருந்தால் முதலில் அழியுங்கள். காரின் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே ஸ்கிரீனில் அதற்குரிய வேலையைத் தொடுங்கள், குறி மாறியதும் விடுங்கள். சில செட்களில் வரிசை தலைகீழ்: ஸ்கிரீனை முதலில் தொட்டு, பிறகு பட்டன். எல்லாம் முடிந்ததும் சேவ் கொடுக்காமல் வெளியே வந்தால் அத்தனையும் போய்விடும். சாவியை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டு, ஹெட்லைட்டும் பிளோயரும் ஓடும்போது ஒவ்வொரு பட்டனையும் சோதியுங்கள். டேஷ்போர்டை மூடுவது அதற்கப்புறம்தான்.

'மோட்' பட்டனை வீணாக விடாதீர்கள். அதைக் குரல் உதவிக்குக் கொடுத்தால் போன் போட, வழி கேட்க ஸ்கிரீனைத் தொடவே வேண்டாம்.

சரியாக வரவில்லை என்றால்

இரண்டு பட்டன் ஒரே வேலையைச் செய்கிறது, எர்த்தும் சரி என்றால், செட்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் உங்கள் காருக்குப் பொருந்தவில்லை. சில செட்களின் ஸ்டியரிங் மெனுவில் அதன் அளவை மாற்ற முடியும். மேலே சொன்ன அதே பட்டன்களுக்கு 10,000-க்குப் பதில் 1,000 ஓம் வைத்தால் 0.30 வோல்ட், 0.82 வோல்ட் என்று நன்றாக விலகி நிற்கும். மாற்றினால் எல்லாப் பட்டனையும் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்.

நேர் சாலையில் ஒழுங்காக இருந்து, கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்டும் சவுண்டு தானே ஏறினால், அது செட்டின் குற்றமல்ல. ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயர்ப்பட்டையான கிளாக் ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது. ஒரு பட்டனை அமுக்கியபடி இரண்டு பக்கமும் ஒடித்து ஓம் பாருங்கள், எண் குதித்தால் உறுதி. ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் போவதும் அதே வழிதான், அதனால் தள்ளிப்போடாமல் ஒர்க்‌ஷாப்பில் மாற்றுங்கள்.

காரின் எர்த்தோடும், ஸ்டியரிங்குக்கான தனி எர்த் வயரோடும் அளந்தும் எந்த வயரிலும் ஓம் மாறவே இல்லையா? அநேகமாக உங்கள் காரில் பட்டன் தகவல் கேன் பஸ் (காரின் கம்ப்யூட்டர் பெட்டிகள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் பொது வயர்) வழியாக வருகிறது. ஃபோக்ஸ்வாகன் வகைக் கார்கள் பலவற்றில் அப்படித்தான், செட்டுக்குச் சாவி கரண்ட் வயர்கூடத் தனியாக இருக்காது. அந்தத் தகவலைச் செட்டுக்குப் புரியும்படி மாற்றும், மாடலுக்கேற்ற கேன் டிகோடர் பெட்டி வாங்கினால் இரண்டும் தீரும்.

ஏசி குமிழை ஏன் தொடக் கூடாது

ஜூனில் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுப் பக்கம் முன் கண்ணாடி திடீரென்று புகை மூடினாற்போல் ஆகும். உள்பக்கம் மூடியிருந்தால் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று நிலைக்கு மாற்ற வேண்டும். வெளிப்பக்கம் மூடியிருந்தால் வைப்பர் போட்டு, குளிரைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்ததால்தான் வெளி ஈரம் அதில் படிகிறது. இரண்டையும் பாதை தெரியாத அந்தச் சில நொடிகளில் கை மட்டுமே செய்ய வேண்டும். குமிழ் என்றால் எத்தனை சொடுக்கு திருப்பினோம் என்று விரலுக்கே தெரியும். மெனுவைத் திறக்கக் கண் வேண்டும், அந்தக் கண் சாலைக்குத் தேவை.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது என்றால் சிவப்பு வயரும் மஞ்சளோடு எப்போதும் உள்ள கரண்டில் சேர்ந்திருக்கிறது, செட் தூங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ரேடியோ நிலையங்கள் மறந்துபோனால் நேர்மாறு: மஞ்சள் வயர் சாவி கரண்டில் இருக்கிறது.

ஸ்டியரிங்கில் பட்டனே இல்லாத பழைய மாடல் வைத்திருப்பவர்கள் ஒட்டும் வகை வயர்லெஸ் ரிமோட் வாங்கலாம். அதன் ரிசீவர் வயரை கீ1-ல் சேர்த்து இதே முறையில் கற்றுக்கொடுத்தால் போதும். ஒட்டும் இடம் ஸ்டியரிங் கம்பியின் பக்கவாட்டில் இருக்கட்டும். நடுவில் ஹார்ன் மூடியின் மேலோ அதன் விளிம்பை மறித்தோ ஒட்டினால் ஏர்பேக் திறக்கும்போது அது முகத்தை நோக்கிப் பறக்கும்.