வரவேற்பறையில் ஒரு மொகஞ்சதாரோ

மொகஞ்சதாரோ, ஹரப்பா நகரங்களின் சிந்துவெளி நாகரிகத்தை வைத்து விளையாடுவதில் ஒரு வசதி உண்டு. அந்த எழுத்தை இன்னும் யாரும் ஐயமறப் படித்துவிடவில்லை. அரண்மனை என்று அடித்துச் சொல்லக்கூடிய கட்டடமும் அகப்படவில்லை. ஆகவே பிள்ளைகள் எதைக் கற்பனை செய்தாலும் பெரியவர்கள் "அது அப்படியில்லை" என்று குறுக்கே பேச வழியில்லை.

உடை தைப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். வேட்டி கட்டி மணிமாலை போட்ட பிள்ளை, படம் எடுத்து முடிந்ததும் கழற்றிப் போட்டுவிடும். தராசும் முத்திரையும் கைக்கு வந்த பிள்ளைக்கு வேலை வந்துவிடுகிறது. வேலை இருக்கும்வரை விளையாட்டு ஓடும். இங்கே சொல்வது ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள மூன்று நான்கு பிள்ளைகளுக்கு, கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை அளவுக்கு.

வாங்க வேண்டியவை: சூளை இல்லாமல் தானே காயும் களிமண் ஒரு கிலோ, பிளாஸ்டிசின், புதிய துணி துவைக்கும் சவுக்காரக் கட்டி ஒன்று, மாஸ்கிங் டேப், சாத்தே குச்சி, ஸ்ட்ரா, நூல், இரண்டு காகிதக் குவளை. ஹேங்கர், டிஷ்யூ சுருளின் அட்டைக் குழாய்கள் வீட்டிலேயே இருக்கும். அட்டைப் பெட்டிகளை மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். காசை மிச்சப்படுத்தக் கோதுமை மாவில் உப்புப் போட்டுப் பிசைகிறவர்கள் உண்டு. நம் ஊருக்கு அது சரிப்படாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த சக்கரம்கூட ஒரு மழை மாலைக்குப் பிறகு பிசுபிசுத்துவிடும்.

முதலில் தராசைக் கட்டுங்கள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துடைப்பக் கம்பை வைத்து ஹேங்கரை மாட்டுங்கள். ஒவ்வொரு குவளையின் விளிம்பிலும் சம இடைவெளியில் மூன்று துளை போட்டு, 30 செண்டிமீட்டர் நூல்களால் ஹேங்கரின் இரு முனையிலும் தொங்கவிடுங்கள். கொக்கியிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரம் அளந்து, அந்த இடத்தில் நூலை டேப்பால் ஒட்டிவிட வேண்டும். நூல் ஒரு பக்கம் அரை விரல் நகர்ந்தாலே எடை பொய் சொல்லும். வெறும் தராசு சாய்ந்து நின்றால் மேலே தூக்கிய குவளையின் அடியில் சிறு பிளாஸ்டிசின் உருண்டையை ஒட்டிச் சமப்படுத்துங்கள்.

ஹரப்பா எடைக்கற்கள் பெரும்பாலும் கனசதுரமானவை. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். அவற்றில் அதிகமாகக் கிடைப்பது ஏறக்குறைய 13.7 கிராம் எடை. 2012-க்கு முன் வெளிவந்த நம் பழைய 5 காசு நாணயம் ஏறக்குறைய 1.4 கிராம், பத்து நாணயம் சேர்ந்தால் 14 கிராம். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கடைக்காரர் இந்த வித்தியாசத்துக்குச் சண்டை போட்டிருக்க மாட்டார். ஒரு குவளையில் பத்து நாணயம், மறு குவளையில் களிமண். முள் இல்லாத தராசு என்பதால் ஹேங்கர் படுகிடையாக நிற்பதைக் கண்மட்டத்தில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சமமானதும் அந்தக் களிமண்ணைக் கனசதுரமாக்குங்கள். நாணயங்களோடு அந்தக் கட்டியையும் சேர்த்து வைத்து எதிரே நிறுத்தால் இரண்டு பங்குக் கல்; இப்படியே நான்கும் எட்டும். மொத்தம் 210 கிராம் களிமண் போதும்.

காய்ந்த பிறகு இந்தக் கற்களை நாணயத்தோடு ஒப்பிட்டால் குறைவாகக் காட்டும், நீர் போய்விட்டது. அதற்காகத் திருத்த வேண்டாம். ஒரே பொட்டலத்தில், ஒரே நாளில் செய்திருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் குறையும். ஆனால் சின்னக் கல் இரண்டு நாளில் காயும்போது பெரிய கல் உள்ளே ஈரமாகவே இருக்கும். இடையில் விளையாடத் தொடங்கினால் கணக்கு இடிக்கும், பிள்ளைகள் தராசைக் குறை சொல்வார்கள். ஐந்து நாள் விட்டுவிடுங்கள். இந்த நான்கு கற்களால் ஒன்று முதல் பதினைந்து வரை எந்த எடையையும் நிறுக்கலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அவர்களாகவே கண்டுபிடிக்கட்டும்.

அந்த ஐந்து நாளில் வண்டி. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் சுடுமண் பொம்மை வண்டிகள், தலையாட்டும் காளைகள், பறவை வடிவ ஊதல்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. சக்கரத்துக்கு 5 செண்டிமீட்டர் அகலம், ஒரு செண்டிமீட்டர் தடிமன், ஆரக்கால் கிடையாது. நடுத் துளையை ஸ்ட்ராவால் குத்துங்கள். சாத்தே குச்சியால் குத்தினால் மண் சுருங்கிய பிறகு அதே குச்சி உள்ளே போகாது. சக்கரத்தை வெயிலிலோ காற்றாடிக்கு நேர் கீழேயோ வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து அப்பளம் போல வளையும். கம்பி வலை மேல் வைத்து, காலையும் மாலையும் திருப்பிப் போடுங்கள். வண்டித் தட்டின் அடியில் ஒரு துண்டு ஸ்ட்ராவைப் பதித்து, அதற்குள் கூர் நறுக்கிய குச்சியைச் செருகி, இரு முனையிலும் சக்கரத்தை மாட்டிப் பிளாஸ்டிசினால் இறுக்குங்கள். குச்சிதான் சுழல வேண்டும்.

முத்திரைக்குச் சவுக்காரத்தை விட்டால் வேறு பொருள் இல்லை. அந்தக் காலத்து முத்திரைகள் மாக்கல்லில் செதுக்கியவை. மாக்கல்லும் செதுக்கும்போது மிருதுவானது, சுட்ட பிறகுதான் இறுகும். உண்மையான முத்திரைகள் பெரும்பாலும் 2 முதல் 4 செண்டிமீட்டர் சதுரம். பெரியவர் ஒருவர் 4 செண்டிமீட்டர் சதுரமாக வெட்டிக் கொடுக்கட்டும். பழைய கட்டி பொடிந்து உதிரும். பிள்ளை மெல்லிய வெண்ணெய்த் தாளில் 2பி பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளைச் சவுக்காரத்தின் மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறிப் பதியும். அதன் மேலேயே குச்சியின் மழுங்கிய முனையால் 2 மில்லிமீட்டர் ஆழம் தோண்டினால் போதும், அச்சு நேராக விழும். நேரடியாகச் சவுக்காரத்தில் வரைய விட்டால் காளை மட்டும் தப்பிக்கும், எழுத்தெல்லாம் இடவலம் மாறிவிடும். பொடியை வாயால் ஊத விடாதீர்கள், கண்ணில் விழும். பழைய பல்துலக்கியால் தட்டுங்கள். பிளாஸ்டிசினில் பதிக்கும் முன் சோளமாவைத் தொட்டுத் தூவினால் ஒட்டாது.

எழுத்துகளைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும். எழுத்தாய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பில் 417 குறிகள் உள்ளன. வீட்டு நகரத்துக்குப் பன்னிரண்டு போதும். பொருளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் மீனும் நண்டும் இடம் மாறிவிடும். ஒரு முத்திரைக்கு ஐந்து குறிக்கு மேல் வேண்டாம். அசலிலும் சராசரி அவ்வளவுதான். (அது தமிழா இல்லையா என்ற விவாதத்தைத் தாத்தாவும் சித்தப்பாவும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொள்ளட்டும்.)

நகரத்தைத் தரையில் டேப்பால் போடுங்கள்: வடக்கு தெற்காக 60 செண்டிமீட்டர் பெரிய தெரு, அதிலிருந்து பிரியும் 30 செண்டிமீட்டர் சந்துகள். வீட்டு வாசல் சந்துப் பக்கம் இருக்கட்டும், மொகஞ்சதாரோவிலும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டிகளில் செங்கல் வரைவதாக இருந்தால் உயரம், அகலம், நீளம் 1:2:4. ஊரே செங்கலில் எழுவது பிள்ளைகளுக்கு அந்நியமல்ல. 1881-இல் நெருப்பும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூர் செங்கல்லும் ஓடுமாக மீண்டும் எழுந்தது. பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த சூளைகளால்தான்.

சாக்கடையை விட்டுவிடாதீர்கள், பையன்கள் அதிக நேரம் செலவழிப்பது அதில்தான். அட்டைக் குழாய்களை நீளவாக்கில் பிளந்து வரிசையாக ஒட்டி, கோலிக்குண்டை நீராக ஓட விடுங்கள். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாயின் உள்ளே உட்கார வேண்டும். மாற்றிச் செருகினால் ஒவ்வொரு இணைப்பிலும் குண்டு இடித்து நிற்கும். மொகஞ்சதாரோவின் பெரிய குளியல் தொட்டியான மகாக் குளத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அது ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். தாமான் பூப்பந்து மைதானமும் கிட்டத்தட்ட அதே அளவு, அங்கே கூட்டிப் போய் ஓடவிட்டால் புரிந்துவிடும்.

சரக்குக்கு மஞ்சாடி விதை, மலாய்க்காரர்கள் சாகா என்பது. பூங்காக்களில் மரத்தடியில் பொறுக்கலாம். முழுச் சிவப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள். கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி, நஞ்சு. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் விதையே வேண்டாம், மக்ரோனியை நூலில் கோத்துச் சரக்காக்குங்கள்.

விளையாட்டை இரண்டே விதியில் நிறுத்துங்கள்: நிறுக்காத சரக்கு ஊரைத் தாண்டக் கூடாது, முத்திரை உடைந்த மூட்டையை யாரும் வாங்கக் கூடாது. துணியில் சரக்கைக் கட்டி, முடிச்சின் மேல் பிளாஸ்டிசின் அப்பி, முத்திரை குத்த வேண்டும். குஜராத்திலுள்ள சிந்துவெளி ஊரான லோத்தலின் கிடங்கு எரிந்தபோது வெந்து இறுகிய மண் அச்சுகளின் பின்புறத்தில் கயிறும் துணியும் பதிந்த தடம் இன்றும் தெரிகிறது.

பெரியவருக்கு ஒரே வேடம்தான்: மெசபொத்தேமியாவிலிருந்து (இன்றைய ஈராக்) வந்த, எதுவும் புரியாத வியாபாரி. அங்கே மெலுஹா என்று அழைத்த நாடு சிந்துவெளிதான் என்பது பரவலான கருத்து. மெலுஹா மொழிபெயர்ப்பாளர் என்று பொறித்த, சுஇலிஷு என்பவரின் உருளை முத்திரை பாரிஸ் லூவரில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் மலாய், வகுப்பில் இன்னொன்று என்று மாற்றிப் பேசும் நம் பிள்ளைகளுக்கு அந்த வேலை தண்ணீர்பட்ட பாடு. நீங்கள் வாய்க்கு வந்ததைப் பிதற்றுங்கள். மூட்டைக்கு எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்வார். சலிப்புத் தட்டினால் ஒரு மூட்டையில் இரண்டு விதையைக் குறைத்துக் கொண்டு வாருங்கள்.

"யார் ராஜா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. பதில் சொல்லாமல் ஊரைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் ராஜாவாக நின்றால் தராசை யாரிடம் கொடுப்பது என்று கேளுங்கள். பெரும்பாலும் ராஜா வேலையை விட்டுவிட்டுத் தராசுக்கு ஓடிவருவார்கள்.

முடிந்ததும் எடைக்கற்களையும் சக்கரங்களையும் மைலோ டின்னில் போட்டு மூடிவையுங்கள். சவுக்கார முத்திரைக்குத் தனி டப்பா, களிமண்ணோடு சேர்த்தால் வாசனையும் பிசுக்கும் ஏறும். டேப்பை அன்றே உரியுங்கள், வாரக்கணக்கில் விட்டால் பசை தரையோடு தங்கிவிடும்.