சின்ன கடல்மீன் தொட்டி: எந்த மீன மொதல்ல விடறது, எத கடைசியா விடறது

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்துட்டு கடல்மீன் வளக்கோணும்னு ஆசப்படறவங்களுக்குத்தாங்க இத எழுதறேன். நமக்கு கடல்னா ராமேஸ்வரமோ திருச்செந்தூரோ போறப்ப பாக்கறதுதான், தொட்டிக்குப் போற உப்புத்தண்ணி ஒவ்வொரு குடமும் நாமளே கலக்கோணும், மீனும் முக்காவாசி சென்னை கொளத்தூர் பக்கம் இருந்து ராத்திரி பூரா பையில கெடந்துதான் நம்மூருக்கு வருது. அப்படி வர்ற உசுர வாங்கறப்ப அவசரமே கூடாதுங்க.

நான் சொல்றது ரெண்டரை அடி நீளம், ஒன்னேகால் அடி அகலம், ஒன்னேகால் அடி உயரம் இருக்கற தொட்டிக்கு. 110 லிட்டர் கணக்கு வரும், கல்லு போட்டா தண்ணி அதுக்கும் கம்மிதான். இதுல நாலு மீன், ரொம்பப் போனா அஞ்சு. நல்ல தண்ணி தொட்டியில இதே அளவுக்கு கப்பி இருவது முப்பது விட்டுப் பழகினவங்களுக்கு இது கொறச்சலாத்தான் தெரியும், ஆனா கடல்மீனு ஒவ்வொன்னும் தனக்குன்னு ஒரு எடம் புடிச்சுக்கும், அந்த எடத்துக்குள்ள வேற மீன் வந்தா சண்டைதான்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிஞ்சதுங்க. மொதல் தொட்டிக்கு கடைக்காரர் பேச்சக் கேட்டு ப்ளூ டாம்சல்ங்கற சின்ன நீல மீனு நாலு வாங்கி விட்டேன், வெல கம்மி, சாகாது, தொட்டிய செட் பண்ணிக் குடுக்கும்னாரு. சாகலதான். ரெண்டு மாசத்துல அதுல ஒன்னு மத்த மூணையும் தொரத்தித் தொரத்தி ஒழிச்சுட்டு தொட்டி பூரா தன்னுதாக்கிகிச்சு, அப்பறம் எம் பொண்ணு ஆசப்பட்டுக் கேட்ட க்ளவுன் மீன் (நீமோ படத்துல வர்றது) ஜோடிய விட்டா ரெண்டும் வாலு கிழிஞ்சு பில்டர் பைப்புக்குப் பின்னாடி ஒண்டிக் கெடந்துச்சுங்க, எட்டு நாள்ல ஒன்னு போயிருச்சு. அந்த டாம்சலப் புடிக்க கல்லு அத்தனையும் வெளிய எடுக்க வேண்டியதாப் போச்சு. அதனாலதான் எந்த மீனுங்கறதவிட எந்த வரிசையிலங்கறத இவ்வளவு அழுத்திச் சொல்றேன். சாதுவானது மொதல்ல போகோணும், எடம் புடிக்கறது கடைசியா வரோணும்.

தண்ணிய வேகமாச் சொல்லிடறேன். போர் தண்ணி வேண்டவே வேண்டாமுங்க, எங்க போர்ல டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு, ஆயிரத்துக்கு மேல நிக்குது. சிறுவாணி தண்ணி வர்ற ஏரியாக்காரங்க குடுத்து வச்சவங்க, ஆனா அதுலயும் குளோரின் இருக்கறதால ஆர்ஓ வழியாவே புடிங்க, வீட்டு ஆர்ஓவுல டிடிஎஸ் கன்ட்ரோலர் இருந்தா அத முழுசா மூடச் சொல்லுங்க, இல்லைன்னா அது பழைய தண்ணியவே கலந்து விடும். உப்பு அக்வேரியத்துக்குன்னு விக்கற கடல் உப்பு மிக்ஸ்தான், சமையல் உப்புல வெறும் சோடியம் குளோரைடு, கடல்ல இருக்கற கால்சியம் மெக்னீசியமெல்லாம் அதுல கெடையாது. 100 லிட்டருக்கு மூணரை கிலோவுக்கு மேல புடிக்கும், உப்பளவு பாக்கற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 காட்டோணும்.

கல்லு விசயத்துல ஒன்னு கண்டிப்பாச் சொல்லோணும். ராமேஸ்வரம் போறப்ப கரையில கெடக்குதுன்னு பவளக் கல்லப் பொறுக்கிட்டு வராதீங்க, கடல்ல இருந்து உசுரோட எடுத்த கல்ல லைவ் ராக்னு யாராச்சும் வித்தாலும் வாங்காதீங்க. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாத்தையும் 2001லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட மொதல் அட்டவணையில சேத்துட்டாங்க, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் இதுக்கும், செத்த பவளமும் அதுல சேத்திதான். செராமிக் கல்லு கெடைக்குது, கொஞ்ச நாள்ல அதுலயே பாக்டீரியா நல்லாப் புடிச்சுக்கும்.

கல்லப் போட்டு, உப்புத்தண்ணி ஊத்தி, ஒரு துண்டு பச்சை இறாலப் போட்டு விட்டுருங்க. இறால் அழுகி அமோனியா வரும், அத ஒரு பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொன்னு நைட்ரேட்டா மாத்தும், இது சரியா அமைய நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்ல அமோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே சைபர் காட்டற வரைக்கும் மீன் கடைப் பக்கமே போகாதீங்க. இந்த வேலைக்குன்னு டாம்சல வாங்கி விடறது பாவமுங்க, செவுளு எரிஞ்சு மூச்சு முட்டிக் கெடக்கும்.

கண்ணாடியில பழுப்பா பாசி படிய ஆரம்பிச்சா நத்தை நாலு, ஹெர்மிட் நண்டு ரெண்டு விடுங்க. அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு மொத மீன். என்னைக் கேட்டா ஃபயர்ஃபிஷ் ஒன்னு, பயந்த சுபாவம், மொதல்ல வந்தாத்தான் பொந்து பாத்து தைரியமா வெளிய வரும். இது தாவற மீனு, மேல கொசுவலைய ஃப்ரேம் போட்டு மூடியே ஆகோணும். அப்பறம் ரெண்டு மூணு வாரம் விட்டு பங்காய் கார்டினல் ஒன்னு, அசையாம அப்படியே நிக்கும், பாக்கவே அவ்வளவு அமைதியா இருக்கும். ஒறம்பரைய எல்லாம் ஒரே நாள்ல கூப்புட்டா ஆக்கிப் போட முடியுமாங்க, அது மாதிரிதான், ஒவ்வொரு மீன் வர்றப்பவும் அந்தக் கழிவுக்கு ஏத்த மாதிரி பாக்டீரியா பெருக நாள் வேணும்.

க்ளவுன் கடைசியா. கொழந்தைங்க மொதல் நாளே கேக்கும், சமாதானம் சொல்லி வையுங்க. ஒசெல்லாரிஸ் வகை, அதுவும் ஹேச்சரியில பொரிச்ச குஞ்சாக் கேட்டு வாங்குங்க, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்), பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழக கடல் உயிரியல் மையம்னு நம்ம தமிழ்நாட்டுலயே க்ளவுன பொரிக்க வச்சுக் காட்டியிருக்காங்க. பொரிச்ச குஞ்சு பெல்லெட் தீனிக்குப் பழகியிருக்கும், சீக்கும் கம்மி. சைஸ்ல ஒன்னு பெருசு ஒன்னு சின்னதாப் பாத்து ரெண்டு எடுங்க. க்ளவுன் எல்லாமே பொறக்கறப்ப ஆணுதான், ரெண்டுல எது பெருசோ அது பொண்ணா மாறிக்கும், அதனால ஜோடி தேடி அலைய வேண்டியதில்ல. க்ளவுன் கடல்ல ஒண்டி வாழற கடல் சாமந்தி (அனிமோன்) வேணும்னு அவசியமே இல்லீங்க, அதுக்கு வெளிச்சமும் நாளாகிப் பக்குவமான தண்ணியும் வேணும், மொத வருசம் அத நெனைக்காதீங்க.

நீல டாங், லயன்ஃபிஷ், மாண்டரின், க்ளீனர் ராஸ் இந்த நாலும் கடையில கண்ணப் பறிக்கும், ஆனா இந்தத் தொட்டிக்கு வேண்டாமுங்க. டாங் ஒரு அடி வளரும், லயனுக்கு முள்ளுல வெசம், வாய்க்குள்ள போற மீனெல்லாம் அதுக்குத் தீனி, மத்த ரெண்டும் பெரும்பாலும் பட்டினி கெடந்தே சாகும்.

கடையில லோடு வந்த அன்னிக்கே எடுக்காதீங்க. ஒரு வாரம் அங்கயே இருக்கட்டும், அப்பறம் போயி "அண்ணா, ஒருக்கா தீனி போடுங்க பாக்கறேன்"னு கேளுங்க, தின்னாத்தான் காசு எடுக்கோணும். கடைத் தண்ணியோட உப்பளவையும் கேளுங்க, நெறைய பேரு 1.020 பக்கமே வச்சிருப்பாங்க. வீட்டுல 30 லிட்டர் தொட்டி ஒன்னுல அதே உப்பளவுல தண்ணி வச்சு, ஸ்பாஞ்ச் பில்டரும் ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி எல்போவும் போட்டு நாலு வாரம் தனியா வையுங்க, உப்ப நாளுக்கு 0.001 வீதம் பையப் பைய ஏத்துங்க. மீன் ஒடம்பு மேல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா அது ஒட்டுண்ணி, அங்கயே காப்பர் மருந்து குடுத்துடலாம். அதுவே பெரிய தொட்டிக்குள்ள வந்துட்டா, அங்க காப்பர் ஊத்தினா நத்தை, நண்டு எல்லாம் செத்துரும், மருந்து ஊத்தாம விட்டாலோ அந்த ஒட்டுண்ணி போகறதுக்கு ரெண்டரை மாசம் மீனே இல்லாம தொட்டிய காலியாப் போடோணும்.

சித்திரை வெயிலுக்கு ஈரோடு, கரூர்ல 40 டிகிரிய ஒட்டிப் போகும், மீனுக்கு 25, 26தான் சொகம். தண்ணி மேல சின்ன ஃபேன் ஓட விட்டா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், ஆவியாப் போன அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்பு ஆவியாகறதில்ல. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் கரண்ட் எடுக்கற நாளைக்கு பேட்டரி ஏர் பம்ப் கையில இருக்கோணும், சூடான தண்ணியில மூச்சுக்காத்து இன்னும் கம்மி.

நோம்பிக்கு ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்டுல தீனி டப்பாவக் குடுத்துட்டுப் போகாதீங்க. பாசமா அள்ளிப் போட்டுருவாங்க. ரெண்டு நாள்னா தீனியே வேண்டாம், தாங்கும். அதுக்கு மேலன்னா ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் பேப்பர்ல பொட்டலம் மடிச்சு, மேல கெழமை எழுதிக் குடுத்துட்டுப் போங்க.